மூச்சுச் சீராக்கி: ஒரு பழங்கருவியின் வரலாறும் பேணுகையும்

நம் பாடநூல்களில் ஒரு கருவிக்கு நேரே ஒரு பெயரையும் ஓர் ஆண்டையும் பொறித்துவிட்டு, அத்துடன் அதன் வரலாறு முடிந்ததாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. நீராவி எந்திரமா, ஜேம்ஸ் வாட். தொலைபேசியா, கிரகாம் பெல். வினாத்தாள் எழுதுவோர்க்கு இது மிகவும் வசதி. முதுகில் காற்றுக் கலத்தைச் சுமந்துகொண்டு மீனைப்போற் கடலடியில் உலவுவதற்கு உதவும் கருவியைக் கண்டவர் யார் என்னும் வினாவுக்கும், "பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ, 1943" என்னும் விடை இவ்வாறே வழங்கி வருகின்றது. இவ்விடை பிழையென்று தள்ளத்தக்கதன்று. ஆயினும் உண்மையில் நான்கிலொரு பங்கே அதில் அடங்கியுள்ளது. எஞ்சிய பங்கைத் தேடுவோர் ஒரு நிலக்கரிச் சுரங்கத்திற்கும், பெட்ரோல் கிடைக்காத போர்க்காலத்து மோட்டார் வண்டிக்கும், ஊர் மறந்துவிட்ட ஒரு போர்வீரரின் கதைக்கும் செல்லுதல் வேண்டும்.

யான் கடலில் மூழ்கிப் பழகியவன் அல்லேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் தீவொன்றில் முக்குளிப்புப் பயிற்சி அளிக்கின்றார். அவர் நம் பள்ளியின் அறிவியல் மூலைக்கென்று 1960களைச் சார்ந்த இரட்டைக் குழாய்ச் சீராக்கி ஒன்றைத் தந்ததோடு, அதைப் பிரித்துப் பூட்டவும் கற்பித்தார். ஆசிரியர் மாணாக்கர் முறை அன்று தலைகீழாயிற்று. நூல்களிற் படித்த பலவற்றின் பொருள், திருகாணிகளைக் கழற்றிய பிறகே எனக்குத் தெளிவாயிற்று. பழங்கருவியும் ஓர் ஆவணமே. ஏட்டைப் போலவே அதையும் படித்தல் கூடும்.

நீரின் எடையும் நெஞ்சின் வலிவும்

பகைவர்க்கு அஞ்சிக் குளத்தில் மூழ்கி, நாணல் தண்டொன்றை வாயிற் கவ்வி மூச்சுவிட்டுக் கிடந்த வீரர் கதைகளை நாம் இளமையிற் கேட்டிருக்கிறோம். கழுத்தளவுக்குச் சற்றுக் கீழே இது நடக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் நடவாது. ஏனெனில், ஒரு மீட்டர் உயரமுள்ள நீர் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் 1000 கிலோ எடையுடன் அழுத்துகின்றது. மார்பின் முன்பரப்பைச் சதுர மீட்டரில் பத்திலொரு பங்கு எனக் கொள்ளின், அதன்மீது 100 கிலோ ஏறி நிற்கின்றது. தண்டின் மேல்நுனியிலுள்ள காற்றோ தரையில் உள்ள காற்றே. நூறு கிலோ மூட்டையை நெஞ்சாலே தூக்கி மூச்சிழுக்க வல்லவர் யார்? துரியோதனன் மடுவினுள் ஒளிந்தபோது அவனுக்கு நீர்த்தம்ப வித்தை கைகொடுத்தது; நமக்கு அஃதில்லை.

மன்னார்க் கடலின் முத்துக்குளிப்போர் இச்சிக்கலை வேறு வழியில் தவிர்த்தனர். அவர்கள் நீருள் மூச்சே விடுவதில்லை. காலிற் கல்லும் இடையிற் கயிறுமாக இறங்கி, அடக்கிய மூச்சு தீருமுன் ஏறிவிடுவர்.

நீருள் மூச்சுவிட வேண்டுமாயின், நெஞ்சை வெளியிலிருந்து நீர் எவ்வளவு அழுத்துகின்றதோ அவ்வளவு அழுத்தமுள்ள காற்று உள்ளே செல்லுதல் வேண்டும். பத்து மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. ஆகவே 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தமுள்ள காற்று வேண்டும். கலத்திலுள்ள காற்றோ 150 மடங்கு அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கின்றது. அதை நேரே வாயில் திறந்துவிடுதல் கொலைக்கு ஒப்பாகும். ஆழத்திற்கேற்ற அளவில், இழுக்கும்பொழுது மட்டும், இழுத்த அளவே தருதல் வேண்டும். இவ்வேலையைச் செய்வதுதான் சீராக்கி. முக்குளிப்போர் இதை ரெகுலேட்டர் என்பர்.

அதன் உட்பொருள் வியக்கத்தக்க எளிமை உடையது. ஒரு வட்டப் பெட்டி. அதன் நடுவே மெல்லிய இரப்பர்ச் சவ்வு. சவ்வின் ஒரு புறம் கடல்நீர், மறுபுறம் மூச்சுக் காற்று. மூச்சை இழுத்தால் உட்புற அழுத்தம் குறைகின்றது, நீர் சவ்வை உள்ளே தள்ளுகின்றது, சவ்வு ஒரு நெம்புகோலை அமுக்குகின்றது, நெம்புகோல் வால்வைத் திறக்கின்றது, காற்று பாய்கின்றது. நெஞ்சு நிறைந்ததும் சவ்வு தன் நிலைக்கு மீள, வால்வு மூடிக்கொள்கின்றது. ஆழம் எவ்வளவு என்று எவரும் அளக்க வேண்டுவதில்லை. எந்த நீர் நெஞ்சை அழுத்துகின்றதோ அந்த நீரே சவ்வையும் அழுத்துவதால், நீரே அளவுகோலாகிவிடுகின்றது. ஆசிரிய நண்பர்கள் இதை ஒரு பால்டின்னும், வாயகன்ற பலூனொன்றும், ஒரு துண்டுக் குழாயும் கொண்டு வகுப்பிலேயே காட்டலாம். டின்னின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அடியில் துளையிட்டுக் குழாயைப் பொருத்தி உறிஞ்சினால் தோல் குழிவதை மாணாக்கர் கண்ணாற் காண்பர். பயிற்சிக் கல்லூரியில் எமக்குக் காட்டப்பட்ட சோதனைகளிலும் இது மலிவானது.

சுரங்கத்தில் பிறந்தது

இவ்வெளிய உத்தியை முதலிற் செய்து காட்டியவர் பெனுவா ரூக்கேரோல் என்னும் பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர். தென்பிரான்சில் அவேரோன் மாவட்டத்தில் எஸ்பாலியோன் என்னும் சிற்றூரில் 1826இல் பிறந்தவர். தெக்காஸ்வில் சுரங்கங்களிற் பணியாற்றியவர். நச்சுக்காற்று நிறைந்த சுரங்க வழிகளிற் சிக்கியோரை மீட்கச் செல்வோர், மீட்கப்படுவோருடன் தாமும் மாண்டுபோவதைக் கண்டு, அவர்கள் முதுகிற் காற்றைச் சுமந்து செல்லும் வகை தேடினார். 1860இல் தம் சீராக்கிக்கு உரிமைச் சாசனம் பெற்றார். கடல் அவர் கருத்தில் அப்பொழுது இல்லை.

கடலுக்கு அதைக் கொண்டு சென்றவர் அதே மாவட்டத்தவரான ஒகுஸ்த் தெனேரூஸ் என்னும் கடற்படை அதிகாரி. இருவரும் கூடி 1864இல் முக்குளிப்புக் கருவியாக அதை மாற்றினர். பிரெஞ்சுக் கடற்படை அதை வாங்கிப் பயன்படுத்தியது. முதுகிலுள்ள எஃகுக் கலத்தில் 30 அல்லது 40 வளிமண்டல அழுத்தமே அடைக்க முடிந்ததால், மேலே தோணியிலிருந்து பம்பு அடித்துக் காற்றனுப்பும் குழாய் எப்பொழுதும் உடன் சென்றது. குழாயைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் தன்னந்தனியே உலவலாம், அவ்வளவே. வெளிவிடும் மூச்சுக்காக இரண்டு மெல்லிய இரப்பர்த் தாள்களை விளிம்பொட்டி, வாத்தின் அலகுபோல் ஒரு வால்வு அமைத்திருந்தார் ரூக்கேரோல். உள்ளிருந்து ஊதினால் அலகு திறக்கும். வெளியிலிருந்து நீர் அமுக்கினால் இறுக மூடும். நூறாண்டுகளுக்குப் பின் வந்த சீராக்கிகளிலும் இவ்வலகு வால்வு ஏறத்தாழ அவ்வாறே இருக்கக் காண்கின்றோம். நம் பள்ளிக்கு வந்த கருவியிலும் அது உண்டு.

கடலடியில் இருபதாயிரம் லீக் பயணத்தைப் பற்றி 1869-70இல் ழூல் வெர்ன் எழுதிய புதினத்தைப் படித்தவர்கள், கப்பல் தலைவன் நேமோ தன் மூச்சுக் கருவியைப் பற்றி விளக்கும் இடத்தை நினைவு கூர்வர். அவன் ரூக்கேரோல், தெனேரூஸ் இருவரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றான். கற்பனை என்று நாம் எண்ணிப் படித்த ஒன்று, அன்று கடைகளில் விலைக்குக் கிடைத்த பொருள்!

இத்துணைச் சிறந்த கருவி ஏன் வழக்கொழிந்தது? உத்தியில் குறையில்லை, கலத்தில்தான் குறை. உயர் அழுத்தம் தாங்கும் இலகுவான கலம் அக்காலத்துக் கொல்லர்க்குக் கைவரவில்லை. மேலிருந்து குழாய் வரத்தான் வேண்டும் என்றால், தலையைக் கவிக்கும் செப்புக் கவசமும் முழு உடையுமே வசதி என்று தொழிலாளர் கருதினர். சீராக்கி மெல்ல மறக்கப்பட்டது. ரூக்கேரோல் 1875இலும் தெனேரூஸ் 1883இலும் மறைந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் 150 வளிமண்டலம் தாங்கும் கலங்கள் வந்தன. 1926இல் ஈவ் லெ பிரியர் என்னும் கடற்படை அதிகாரி, மோரிஸ் ஃபெர்னே என்பாருடன் சேர்ந்து அத்தகைய கலத்துடன் பாரிஸ் நீச்சற் குளத்தில் இறங்கிக் காட்டினார். எனினும் அக்கருவியில் காற்று ஓயாது ஓடிக்கொண்டே இருந்தது. 1933இல் அவர் அதைத் திருத்தியபின்னும் வால்வைக் கையாலேயே திருகி அளவிட வேண்டியிருந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன் சுரங்கத்தில் விடை கண்ட கணக்கை இவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார் என்றே சொல்ல வேண்டும்.

கொமேனும் கான்யானும்

ழோர்ழ் கொமேன் என்பவரைப் பற்றி நம்மவர் எவரும் எழுதக் கண்டிலேன். அவர் 1937இல், இழுத்தால் மட்டும் காற்றுத் தரும் சீராக்கியுடன் கூடிய கருவிக்கு உரிமைச் சாசனம் பெற்றார். 1942இல் அதைத் திருத்தினார். 1943 ஜூலையில் மார்செய் நகரின் அருகே கடலில் 53 மீட்டர் ஆழம் சென்று மீண்டார். அஃதாவது, கூஸ்தோ தம் கருவியைக் கடலில் சோதித்துக்கொண்டிருந்த அதே கோடையில், அதே கடற்கரையில், வேறொருவர் தம் சொந்தக் கருவியுடன் ஆழத்திற் சென்று திரும்பியிருக்கின்றார். 1944இல் ஸ்திராஸ்பூர்க் நகரை மீட்கும் போரில் கொமேன் உயிர் நீத்தார். அவருடன் அவர் கருவியும் மறைந்தது. அவர் உயிருடன் இருந்திருப்பின் பாடநூலில் எப்பெயர் இருக்கும் என்று துணிந்து கூற முடியாது. ஒரு பெயர் மட்டும் இராது என்பது திண்ணம்.

நிற்க. கூஸ்தோவின் கதைக்கு வருவோம். போர்க்காலப் பிரான்சில் பெட்ரோல் அருமையாயிற்று. வாயு எரிபொருளைக் கொண்டு மோட்டார் வண்டிகளை ஓட்டலாயினர். எந்திரம் இழுக்கும் அளவுக்கேற்ப வாயுவைத் தரும் சிறு சீராக்கி ஒன்று அதற்கு வேண்டியிருந்தது. ஏர் லிக்கீட் என்னும் வாயுத் தொழிற் குழுமத்தில் பணியாற்றிய எமில் கான்யான் என்னும் பொறியாளர் அதைச் செய்துகொண்டிருந்தார். அடிப்படை ரூக்கேரோலின் உத்தியே. கூஸ்தோவின் மாமனார் அக்குழுமத்தில் உயர் பதவி வகித்தவர். அவ்வழியாக 1942 டிசம்பரில் இருவரும் பாரிஸில் சந்தித்தனர். மோட்டாருக்கென்று செய்ததை மனிதனுக்குப் பொருத்தலாம் என்பது அங்கேதான் முடிவாயிற்று. மோட்டாரும் மூச்சிழுக்கும் ஓர் உயிர்போல்வதே அன்றோ!

1943 ஜனவரியில் மார்ன் ஆற்றின் குளிர்ந்த நீரில் முதற் சோதனை நிகழ்ந்தது. சோதனை தோற்றது. கூஸ்தோ நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகப் பீறிட்டு ஓடியது. தலைகீழானால் காற்று வர மறுத்தது. வீடு திரும்பும் வழியில் இருவரும் காரணத்தைக் கண்டுகொண்டனர். மூச்சு வெளியேறும் வால்வு, உட்செல்லும் வால்வுக்கு ஆறங்குல தூரத்தில் இருந்தது. நிமிர்ந்தால் அவ்வாறங்குலம் மேலே, கவிழ்ந்தால் கீழே. ஆறங்குல நீரின் அழுத்த வேறுபாடு போதும், சவ்வை ஏமாற்றிவிட. இரண்டையும் ஒரே மட்டத்தில், சவ்வின் அருகிலேயே வைத்தனர். சிக்கல் தீர்ந்தது. என் கருத்தில் இவர்கள் இருவரின் உண்மையான கண்டுபிடிப்பு இவ்வாறங்குலந்தான். பிற யாவும் முன்னோர் சொத்து.

அவ்வாண்டு ஜூன் மாதம் பாந்தோல் ரயில் நிலையத்திற்கு வந்த மரப்பெட்டியில் திருத்திய கருவி இருந்தது. கூஸ்தோவும் அவர் தோழர்களான பிலிப் தயேயும் ஃபிரெடெரிக் துமாவும் அதைக் கொண்டு அக்கோடை முழுதும் மூழ்கினர். துமா அக்டோபரில் 60 மீட்டரைக் கடந்தார். 1946இல் கருவி விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே அதன் முதற் பலியும் நேர்ந்தது; 1947 செப்டம்பரில் மோரிஸ் ஃபார்க் என்னும் தேர்ந்த முக்குளிப்பாளர் 120 மீட்டர் ஆழத்தில் உணர்விழந்து மாண்டார். சீராக்கி பழுதின்றி இயங்கியது. ஆழத்தின் அழுத்தத்தில் நைட்ரஜன் மதுவைப்போல் மயக்குவதை உடல் தாங்கவில்லை. கருவி செல்லும் ஆழமெல்லாம் மனிதன் செல்லும் ஆழம் அன்று என்பது அவரால் உலகுக்குத் தெரிந்தது.

கான்யான் 1947இல் கனடாவின் மொன்ட்ரியால் நகரிற் குடியேறி, மேலும் பல சீராக்கிகளை அங்கே வரைந்தார். கூஸ்தோ 1953இல் நூல் எழுதினார். 1956இல் படம் எடுத்துக் கான் விழாவில் முதற் பரிசு பெற்றார். வரைபவர் பெயர் மறைவதும் பேசுபவர் பெயர் நிற்பதும் வரலாற்றில் புதிதன்று. ஆயினும், கூஸ்தோ தம் நூலில் கான்யானின் பங்கை மறைத்தாரல்லர் என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை. மறைத்தவர்கள் அந்நூலைச் சுருக்கி எழுதியவர்கள்.

நம் தமிழ்க் கரைக்கும் இக்கருவி விரைவிலேயே வந்தது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் திருகோணமலையில் சுவாமி மலையின் அடியில் மூழ்கி, பதினேழாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இடித்துக் கடலிற் தள்ளிய கோணேசர் கோயிலின் செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டனர். அச்செய்தியைக் கிளார்க் 1957இல் வெளியிட்ட நூலில் எழுதினார். முன்னூறு ஆண்டுகள் கடல் காத்துவைத்திருந்த கற்களை அருகிருந்து நோக்க மூச்சுக்கு அவகாசம் தந்தது, சவ்வும் நெம்புகோலும் கொண்ட இச்சிறு பெட்டியே.

இரட்டைக் குழாயைக் கையாளும் முறை

கூஸ்தோ, கான்யான் வகையின் அடையாளம் இரட்டைக் குழாய். சீராக்கிப் பெட்டி முதுகிற் கலத்தின் மேல் அமர்ந்திருக்கும். அதிலிருந்து இரண்டு நெளிவு இரப்பர்க் குழாய்கள் தோள்களைச் சுற்றி வந்து வாய்ப்பிடியிற் சேரும். ஒன்று உள்மூச்சுக்கு, மற்றது வெளிமூச்சுக்கு. 1955இல் வந்த மிஸ்ட்ரல் ஒரே கட்டத்தில் அழுத்தத்தைக் குறைப்பது. 1958இல் வந்த அக்வா மாஸ்டர் இரண்டு கட்டங்களில் குறைப்பது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து டெட் எல்ட்ரெட் என்பவர், சவ்வையும் வெளிமூச்சு வால்வையும் முதுகில் வைக்காமல் வாயருகே கொண்டுவந்து, ஒற்றைக் குழாய்ச் சீராக்கியை 1952இலேயே விற்பனைக்குக் கொணர்ந்தார். இன்று உலகெங்கும் வழங்குவது இவ்வகையே. இரட்டைக் குழாய் 1970களில் ஓய்வு பெற்றது.

ஆயினும் அதை இன்றும் பேணிப் பயன்படுத்துவோர் பலர். குமிழிகள் முகத்தருகே எழாமல் தலைக்குப் பின்னே எழுவதால் மீன்கள் வெருள்வதில்லை என்றும், படம் எடுப்போர்க்குக் கண்ணை மறைப்பதில்லை என்றும் கூறுவர். அது மெய்யே. அதன் குறைகளும் அதே அமைப்பிலிருந்தே பிறக்கின்றன. சவ்வு முதுகில், நெஞ்சு கீழே. குப்புற நீந்துங்கால் சவ்வு நெஞ்சைவிட மேலே இருப்பதால், நீரின் அழுத்தம் அங்கே குறைவு; மூச்சை வலிந்து இழுக்க வேண்டும். மல்லாந்தால் மாறாகக் காற்றுத் தானே வந்து கொட்டும். எனவே பெட்டி தோட்பட்டைகளின் நடுவே, நெஞ்சுக்கு இயன்ற அளவு நெருங்கி அமையுமாறு கலத்தைத் தாழ்த்திக் கட்டுவர். பிடரிக்கு மேல் அமர்ந்தால் நாள் முழுதும் நெஞ்சு வலிக்கும்.

வாய்ப்பிடி நழுவினால் அது கீழே தொங்காது. காற்றைக் கொட்டிக்கொண்டு தலைக்கு மேலே மிதக்கும். புதியவர் கீழே தடவித் தேடுவர். பழகியவர் தலைக்குமேற் கையை வீசுவர். குழாயில் நீர் புகுந்தால், வெளிமூச்சுக் குழாய் உள்ள பக்கம் கீழாக உடலைச் சாய்த்து நீரை அக்குழாயிற் சேரச் செய்து பலமாக ஊதுதல் வேண்டும். முற்கால வாய்ப்பிடிகளில் ஒருவழி வால்வுகள் இல்லாமையால் இது பெரும்பாடு. பிற்காலத்தில் அவ்வால்வுகள் சேர்க்கப்பட்டன. எவ்வகைக் கருவியானாலும், மேலேறுங்கால் மூச்சை அடக்குதல் ஆகாது. ஆழத்திற் பெற்ற காற்று ஏற ஏற விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். பாயில் விதியை வகுப்பில் நடத்தும்பொழுது இதைச் சொல்லாமல் விடலாகாது.

பழங்கருவிகளில் காற்றின் அளவைக் காட்டும் மானி இல்லை. காற்றுத் தீரத் தொடங்கியதும் மூச்சு இறுகும். உடனே கலத்தின் பக்கத்திலுள்ள கம்பியை இழுத்தால், ஒதுக்கி வைத்த சிறிதளவு காற்று கிடைக்கும். அதற்குள் மேலேறிவிட வேண்டும். கம்பி எங்கேனும் இடித்து முன்னமே இழுபட்டிருந்தால் ஒதுக்கீடு இல்லை என்பது அப்பொழுதுதான் தெரியும். இன்று மானியும், தோழருக்கென மற்றொரு வாய்ப்பிடியும் இன்றி இறங்குதல் பொறுப்பின்மை. மிஸ்ட்ரல் போன்ற ஒற்றைக் கட்டக் கருவியில் மற்றொரு வாய்ப்பிடியைப் பூட்டும் இடமே இல்லை. அதனால் இரண்டு வாய் உள்ள கல வால்வில் பழையதை ஒன்றிலும் புதிய சீராக்கியை மற்றொன்றிலும் பூட்டுவோர் உண்டு, அதுவே அறிவுடைமை.

கலத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அன்றைய அமெரிக்க எஃகுக் கலங்கள் சதுர அங்குலத்திற்கு 2250 பவுண்டு அழுத்தத்திற்கு நிரப்பப்பட்டன. இன்றைய அலுமினியக் கலம் 3000 பவுண்டு. சீராக்கியைக் கலத்துடன் இறுக்கும் நுகம் போன்ற கவ்வி பழைய அளவுக்கென வார்க்கப்பட்டது. மாட்டின் கழுத்துக்குச் செய்த நுகத்தை யானைக்குப் பூட்டுவார் உண்டோ?

களிம்பும் இரப்பரும்

பேணுகையின் முதற் பாடம் நன்னீர். கடலிலிருந்து ஏறியதும், காற்று நுழையும் வாயை உலர்த்தி மூடியிட்ட பிறகே கருவியை நீரில் அமிழ்த்த வேண்டும். குழாய்களைக் கழற்றித் தனியே கழுவி நிழலில் உலர்த்துதல் நன்று. உப்பு உலர்ந்துவிட்டால் பின் அதை எடுப்பது கடினம்.

நுழைவாயிலில் உலோகத் துகள்களாலான சிறு வடிகட்டி ஒன்றுண்டு. கருவியின் நோயறிய அதைப் பார்த்தாற் போதும். வைத்தியர் நாவைப் பார்ப்பது போல. பச்சை படர்ந்திருந்தால் கடல்நீர் உட்புகுந்துள்ளது. செந்தூள் படிந்திருந்தால் எஃகுக் கலத்தினுள் துரு. கருமை கண்டால் காற்றடைக்கும் எந்திரத்தின் கரியோ எண்ணெயோ வந்துள்ளது. முன்னைய இரண்டும் கருவியைக் கெடுக்கும். மூன்றாவது ஆளைக் கெடுக்கும்.

உடற்பகுதி குரோமியம் பூசிய பித்தளை. அதில் பச்சைக் களிம்பு ஏறும். சித்தாந்தம் கற்றோர்க்குச் செம்பிற் களிம்பு உவமையாக நன்கு தெரியும். ஈண்டு அஃது உவமையன்று, நேர்ப்பகை. வெந்நீர் கலந்த நீர்த்த வினிகரில் சில நிமிடம் ஊறவைத்து மென்தூரிகையால் தேய்த்தால் போகும். நெடுநேரம் ஊறவிடின் பித்தளையின் துத்தநாகம் கரைந்து செம்மை படரும். அவ்விடம் வலுவிழந்தது என்று பொருள். உலோகத்தின் மேல் உலோகம் அமரும் உயர் அழுத்த வால்வுகளைக் கீறலுக்காக உருப்பெருக்கி கொண்டு நோக்க வேண்டும். இரு கட்டக் கருவியில் முதற்கட்டத்துக்கு அப்பால் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால், முள் ஓர் எண்ணில் ஏறி அசையாது நிற்றல் வேண்டும். நின்ற பின்னும் மெல்ல ஊர்ந்து ஏறுமாயின் வால்வின் இருக்கை தேய்ந்தது. மாற்றாமல் கடலுக்குக் கொண்டு செல்லலாகாது. இவ்வேலையைப் பழகிய கைகளிடமே விட வேண்டும். நானும் பிரித்துப் பார்த்தேனேயன்றி, என் பூட்டலை நம்பி எவரையும் நீரில் இறக்க மாட்டேன்.

இனி இரப்பர். பால்மரக் காட்டினிடையே வாழ்ந்த நம்மவர்க்கு இதைப்பற்றி யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை என்று எண்ணியிருந்தேன். சவ்வு, அலகு வால்வு, குழாய், வாய்ப்பிடி ஆகிய மூச்சைத் தொடும் உறுப்புகள் எல்லாம் இரப்பரே. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து இரப்பரைப் பதப்படுத்தும் வகை காணாதிருந்தால், வெயிலில் ஒட்டியும் குளிரில் உடைந்தும் போகும் பச்சை இரப்பரைக் கொண்டு ரூக்கேரோல் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவர் காலத்து இரப்பர் அமேசான் காட்டிலிருந்து வந்தது. நம் மண்ணில் அப்பொழுது பால்மரமே இல்லை. விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து விதை கொணர, 1877இல்தான் கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. பின்னர் மலாயா உலகிற்கே இரப்பர் தந்ததும், அதற்காக நம் முன்னோர் விடியலில் கத்தி பிடித்ததும் யாவரும் அறிந்ததே.

இரப்பருக்குப் பகை மூன்று: எண்ணெய், வெயில், ஓசோன். மண்ணெண்ணெயோ வாசலினோ பட்டால் இரப்பர் ஊதிப் பெருத்துத் தளரும். ஓசோனோ, இழுபட்டு நிற்கும் இடத்தையே தேர்ந்து வெடிப்பை உண்டாக்கும். ஆதலால் குழாயின் நெளிவுகளிலும், கவ்வி இறுக்கிய இடத்திலுமே முதல் விரிசலைக் காணலாம். ஒவ்வொரு நெளிவையும் இரு விரலால் விரித்து வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். மின்மோட்டார் ஓடும் அறையில் பழங்குழாய்களை வைத்தல் கூடாது; அங்கே ஓசோன் பிறக்கும். சவ்வை விளக்குக்கு நேரே பிடித்து மெல்ல இழுத்தால் ஊசித்துளையும் தெரியும். அலகு வால்வின் இரு உதடுகளும் இறுகப் பொருந்த வேண்டும். நுனி சுருண்டிருந்தால் ஒவ்வொரு மூச்சிலும் நீர் வரும். மேலே வெண்பொடி பூத்திருப்பின் அஞ்ச வேண்டா. அது பெரும்பாலும் உள்ளிருந்து கசிந்த கந்தகம்.

இப்பொழுது சிலிக்கோனால் செய்த சவ்வும் அலகும் கிடைக்கின்றன. ஓசோனும் வெயிலும் அவற்றை எளிதில் அணுகா. ஆயினும் சிலிக்கோன், நல்ல இரப்பரைப்போற் கிழிசலைத் தாங்காது. சிலிக்கோன் கிரீஸை வளையங்களுக்கு மெலிதாகப் பூசலாம். சிலிக்கோன் உறுப்பின் மேல் பூசினால் அதுவே அவ்வுறுப்பை ஊதச் செய்யும். இனம் இனத்தைக் கெடுக்கும் இவ்விந்தையைப் பலர் அறியாமல் புதுச் சவ்வைப் பாழாக்குகின்றனர்.

இங்கே பழங்கருவி சேர்ப்போரிடையே ஒரு வழக்குண்டு. கெட்ட இரப்பரை நீக்கிப் புதியது இட்டால்தான் கருவி மூச்சுவிடும். ஆனால் நீக்கிய உறுப்போடு அக்காலத்து வேலைப்பாடும் போய்விடுகின்றதே என்பர் ஒரு சாரார். நம் முன்னோர் செல்லரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதிய பிறகு, பழைய ஏட்டை ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்டனர் என்பதை நாம் வருத்தத்துடன் படிக்கின்றோம். பெயர்ப்பில் நேர்ந்த பிழையைத் திருத்த மூலம் இல்லாமற் போயிற்று. ஆகவே என் துணிபு இது: ஆயிரக்கணக்கில் விற்ற அக்வா மாஸ்டர் போன்றவற்றில் இரப்பரை மாற்றிப் பயன்படுத்துக, கொமேனின் கருவி போன்று அரிதானவற்றை எவரும் நீரில் இறக்க வேண்டா. மாற்றிய உறுப்பு எதுவாயினும் எறியாது, மாற்றிய நாளும் கருவியின் எண்ணும் எழுதி வைத்துக்கொள்ளுக.

நம் பள்ளிக் கருவியின் பழைய சவ்வு விறைத்துத் தோலைப்போல் ஆகிவிட்டது. அதை நேராக விரித்து, இரண்டு பருத்தித் துணிகளிடையே வைத்து, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் இட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்திருக்கின்றோம். அலகு வால்வு மட்டும் இன்னும் மென்மை குன்றவில்லை. மாணாக்கர் அதை ஒரு முனையில் ஊதி, மறுமுனையில் ஊத முயன்று பார்க்கின்றனர்.